தொட்டிலுக்கும் கல்லறைக்கும் ஒரே பெயர்

ஒரு பங்கின் வரலாற்றை அறிய விரும்புவோர் ஆலயக் கோபுரத்தையும் கல்வெட்டையும் நாடிச் செல்வர். பங்குத்தந்தையராகிய நமக்கோ அவ்வரலாறு அலுவலகப் பீரோவில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் மூன்று பதிவேடுகளில் அடங்கியிருக்கிறது. ஒன்று திருமுழுக்குப் பதிவேடு; அடுத்தது திருமணப் பதிவேடு; மூன்றாவது இறந்தோர் பதிவேடு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆவது சட்டம் இம்மூன்றையும் ஒவ்வொரு பங்கும் பேணிக் காக்கவேண்டும் எனப் பணிக்கிறது. அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: ஒருவர் உறுதிபூசுதல் பெற்றதும், மணம் முடித்ததும், குருவானதும், துறவற வார்த்தைப்பாடு கொடுத்ததும் அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

இந்த ஓரக்குறிப்பு நம்மைப் பலமுறை சிந்திக்க வைத்ததுண்டு. பதிவேட்டின் நடுவில் ஒரு மாதக் குழந்தையின் பெயர் இருக்கிறது. அதன் ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில், அக்குழந்தை இருபத்தெட்டு வயதில் செய்துகொண்ட திருமணம் இருக்கிறது. பெயர் எழுதப்பட்ட நாளில் அதற்குரியவர் தாய்மடியில் உறங்கிக் கொண்டிருந்தார். அப்பெயரைச் சுமந்து நடந்தவரோ முழு மனிதர். பெற்றோர் பெயரிடுவது குழந்தைக்கு; அப்பெயரால் வாழப்போவது, அவர்கள் இன்னும் கண்டிராத ஒரு பெரியவர். இக்காலத்தில் பெயர் தேடும் இளம் பெற்றோர் பலர் இந்தப் பெரியவரை மறந்துவிடுகின்றனரே என்னும் ஆதங்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெயரன் என்னும் பேரன்

நம் முன்னோர்க்கு இச்சிக்கல் எழவே இல்லை எனலாம். 'பேரன்' என்று நாம் அழைக்கும் சொல்லே 'பெயரன்' என்பதன் மருவுதான். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலால் பெயரன் ஆனான். இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. தொட்டிலில் இடப்படும் பெயர், ஏற்கெனவே ஒரு முதியவர் அறுபது எழுபது ஆண்டுகள் சுமந்து பார்த்த பெயர். ஏர்பிடித்தபோதும், ஊர்க்கூட்டத்தில் பேசியபோதும், நரைத்த தலையோடு திண்ணையில் அமர்ந்திருந்தபோதும் அவருக்குப் பொருந்திய பெயர் அது. அப்பெயர் வளர்ந்தவனுக்கு ஒத்துவருமோ என்று எவரும் ஐயுறத் தேவையில்லை.

குழந்தைக்கு அது கனமாய் இருக்குமே என்றால், அதற்கும் வழி கண்டிருந்தனர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது அந்நாளைய கட்டுப்பாடு. எனவே, அதே பெயர் தாங்கிய மகனை அவள் 'ராசா' என்றோ 'தம்பி' என்றோ அழைத்தாள். பதிவேட்டில் ஒரு பெயர். அடுக்களையில் ஒரு பெயர். பிள்ளை வளர வளர அடுக்களைப் பெயர் உதிர்ந்து, பதிவேட்டுப் பெயர் மேலெழுந்து வரும். பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பதைப் போன்றது அது.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு வேறொரு செல்வமும் வாய்த்தது. மறைபணியாளர்கள் புனிதர்களின் பெயர்களை அப்படியே இறக்குமதி செய்யாமல் தமிழ் நாவுக்கு ஏற்ப வார்த்துத் தந்தனர். யோசேப்பு சூசையானார், யோவான் அருளப்பரானார், பேதுரு இராயப்பரானார், அலோசியுஸ் ஞானப்பிரகாசியாரானார். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய பெஸ்கி அடிகளார், கான்ஸ்டன்டைன் என்னும் தம் பெயரையே முதலில் தைரியநாதர் என்றாக்கி, பின்னர் வீரமாமுனிவராய் நிலைத்தார். தேம்பாவணியில் அவர் சூசையப்பருக்கு இட்ட வளன் என்னும் பெயரை இன்றும் நம் இல்லங்களில் கேட்கிறோம்.

இவற்றுள் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது சின்னப்பர் என்னும் பெயர். பவுல் என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் 'சிறியவர்' என்று பொருள். அப்பொருளை உள்ளே வைத்து, 'அப்பர்' என்னும் மரியாதையைச் சேர்த்துச் சின்னப்பர் என்றனர். சிறுமையும் பெருமையும் ஒரே சொல்லில்! தொட்டிலிலும் பொருந்தும், எண்பது வயதிலும் பொருந்தும். இத்தகைய பெயரை ஆக்கியவர்கள் மொழியை மட்டுமன்று, மனித வாழ்வையும் அறிந்தவர்கள்.

நாம் குருமடத்தில் பயின்றுகொண்டிருந்த 1995-ஆம் ஆண்டில் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதன்பின் வாசகங்களில் அருளப்பர் யோவானாகவும், இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும் ஒலிக்கலாயினர். பிற சபைச் சகோதரரோடு ஒரே திருநூலை வாசிக்கும் பேறு நமக்குக் கிட்டியது. ஆனால் பீடத்தில் ஒலிக்காத பெயர் தொட்டிலிலும் மெல்ல மெல்ல மறைந்துபோகும் என்பதும் கண்கூடு.

முதற்பெயரே முழுப்பெயர்

மேலைநாட்டவர்க்குக் குடும்பப் பெயர் உண்டு. ஒருவருக்குப் பெற்றோர் விளையாட்டாக எப்பெயரை இட்டாலும், பொதுவாழ்வில் அவர் குடும்பப் பெயரால் மதிப்போடு அழைக்கப்படுவார். தமிழர்க்கு அந்த மறைவிடம் இல்லை. நமக்குத் தலைப்பெழுத்து தந்தையுடையது. நமக்கே உரியது இட்ட பெயர் ஒன்றுதான். 'திரு' என்னும் அடைமொழியும் 'அவர்கள்' என்னும் மரியாதையும் அந்த ஒரே பெயரின் முன்னும் பின்னும்தான் வந்து நிற்கவேண்டும். பெண்ணின் நிலையோ இன்னும் நுட்பமானது. பலருக்கு மணமானபின் தந்தையின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வருகிறது. பிறப்பு முதல் இறப்பு வரை மாறாமல் அவளோடு வருவது அவள் பெயர் மட்டுமே.

ஆகையால் செல்லப் பெயரையே சட்டப் பெயராக்கிவிடும் வழக்கம் தமிழருக்கு ஏனையோரைவிட அதிகம் இடர் தரக்கூடியது. கொஞ்சுவதற்கென்றே அமைந்த ஈரெழுத்துப் பெயர் மூன்று வயதில் இனிக்கும். அதே பெயருக்குப் பின்னால் 'தலைமையாசிரியர் அவர்கள்' என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வருமாயின், நாற்பது ஆண்டுகள் அந்தச் சிரிப்பைத் தாங்கவேண்டியவர் யார்?

சென்ற ஆண்டு திருமுழுக்குக்கு நாள் குறிக்க ஓர் இளம் தம்பதியர் வந்தனர். உடன் வந்திருந்தார் குழந்தையின் தாத்தா. பெற்றோர் கைப்பேசியில் தேடிக் கண்டெடுத்த பெயர் ஒன்றைச் சொன்னார்கள். பொருள் என்னவென்று கேட்டோம். "பொருள் தெரியாது ஃபாதர். ஆனா புதுசா இருக்கு, வேற யாருக்கும் இல்ல" என்றார் தந்தை. தாத்தாவோ, இரு புனிதர்களை ஒருசேரச் சுமக்கும் நீண்ட பெயரை முன்வைத்தார். "எங்க ஐயா பேரு சாமி. நாலு தலைமுறையா வருது. எம் பேரனோட அது நின்னு போகணுமா?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. தாத்தாவின் பெயர் மறைவது ஒரு சிறு மரணம். பெற்றோரின் விருப்பம் மறுக்கப்படுவதும் நன்றன்று. நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு பயிற்சியை மட்டும் தந்தோம். "மூன்று இடங்களில் இப்பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஞாயிறு பூசையில் திருமண ஓலை வாசிக்கும்போது ஒருமுறை. நீதிமன்ற வாசலில் டவாலி கூப்பிடும்போது ஒருமுறை. கல்லறைச் சிலுவையில் எழுதியிருப்பதைப் பேரப்பிள்ளை வாசிக்கும்போது ஒருமுறை. மூன்று இடத்திலும் கூச்சமின்றி நிற்குமானால் அது நல்ல பெயர்" என்றோம். குழந்தையின் தாய் சற்று நேரம் கண்மூடி இருந்தார். பிறகு, "அந்த டவாலி கூப்பிடுறது வேண்டாம் ஃபாதர், ஆசுபத்திரில டாக்டர் பேரா சொல்லிப் பாக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அடுத்த வாரம் அவர்கள் கொண்டுவந்த பெயர், தாத்தாவின் தந்தையுடைய நீண்ட பெயரின் ஒரு பாதி. சிறியது, பொருளுள்ளது, எவர் வாயிலும் சிதையாதது. தாத்தா முழுப்பெயரும் கேட்டதுபோல் மகிழ்ந்தார்.

பெற்றோரின் ஒரு நாளும் பிள்ளையின் ஒரு வாழ்வும்

தொடக்க நூலின் முப்பத்தைந்தாம் அதிகாரம் ஒரு துயரக் காட்சியைக் காட்டுகிறது. எப்ராத்துக்குச் செல்லும் வழியில் ராகேல் பேறுகால வேதனையில் உயிர்விடுகிறாள். பிரியும் உயிரோடு அவள் குழந்தைக்குப் பெனோனி, அதாவது துயரத்தின் மகன், என்று பெயரிடுகிறாள். யாக்கோபோ அதை ஏற்காமல் பென்யமின், வலக்கையின் மகன், என்று அழைக்கிறார். ராகேல் மீது யாக்கோபு கொண்ட அன்பு நாம் அறிந்ததே. அவள் இறுதியாகச் சொன்ன சொல்லையே அவர் மாற்றுகிறார் என்றால், அது எளிதாக நடந்திருக்காது. தாயின் அந்த ஒரு மணி நேரத் துயரை மகன் வாழ்நாள் முழுவதும் சுமக்கலாகாது என்று தந்தை உணர்ந்தார். பெயரிடுவதைப் பற்றி இதனினும் தெளிவான மறையுரையை நாம் கேட்டதில்லை.

நம் நாட்டில் பெனோனிகள் பலர் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயரிட்ட குடும்பங்களைத் தமிழகம் அறியும். திருவள்ளூர் மாவட்டத்து நாராயணபுரம் சிற்றூரில் பெண்மகவுக்கு 'வேண்டாம்' என்றே பெயரிடும் வழக்கம் இருந்ததை 2019-ஆம் ஆண்டுச் செய்தித்தாள்கள் வெளிக்கொணர்ந்தன. மகாராட்டிரத்துச் சதாரா மாவட்டத்தில் அதே பொருளில் 'நகூசா' என்று அழைக்கப்பட்ட 285 சிறுமியர், 2011 அக்டோபர் மாதத்தில் ஒரு பொது விழாவில் புதுப்பெயர் பெற்றனர். அச்சிறுமியருள் பலர் தம் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டனர் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி. ஆண் மகவு வேண்டும் என்ற ஏக்கம் பெற்றோரின் ஒரு நாள் உணர்ச்சி. வருகைப் பதிவேட்டில் 'வேண்டாம்' என்று ஆசிரியர் அழைக்க, 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்பது பிள்ளையின் அன்றாட வாழ்வு. இறைவாக்கினர் ஓசேயாவின் மகளும் மகனும் 'இரக்கம் பெறாதவள்' என்றும், 'என் மக்கள் அல்ல' என்றும் பெயர் பெற்றனர். ஆயினும் ஆண்டவரே அப்பெயர்களைத் திருப்பி, இரக்கம் பெற்றவள் என்றும் என் மக்கள் என்றும் ஆக்குகிறார். 'வேண்டாம்' என்னும் பெயர் இறைவனின் அகராதியில் நிலைப்பதில்லை.

பெயர் இழிவானதாக இல்லாமல், இல்லாமலே போய்விடுவதும் உண்டு. வாசுதேவநல்லூர் வட்டாரத்துக்கு நாம் பணியேற்று வந்த பின்னர், வயது முதிர்ந்த தாயார் ஒருவரை அடக்கம் செய்தோம். மன்றாட்டில் சொல்வதற்காகப் பெயரைக் கேட்டபோது மகன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். "பாப்பாம்மான்னுதான் சாமி ஊரே கூப்பிடும்" என்றார் மூத்தவர். குடும்ப அட்டையிலும் அதுவே இருந்தது. கடைக்குட்டியாய்ப் பிறந்து 'பாப்பா' ஆனவர். வயது ஏற ஏற, ஊர் தன் மரியாதையால் 'அம்மா'வைச் சேர்த்துக்கொண்டது. திருமணப் பதிவேட்டைப் புரட்டியபோது அவருடைய திருமுழுக்குப் பெயர் கிடைத்தது. மரியன்னையின் அழகிய திருப்பெயர்களுள் ஒன்று. கல்லறை மந்திரிப்பின்போது அதைச் சொல்லி மன்றாடினோம். "எங்க அம்மாவுக்கு இம்புட்டு அழகான பேரா?" என்று மகள் விம்மினார். ஒருவர் தம் பெயரை வாழ்நாளெல்லாம் பெட்டிக்குள் வைத்திருந்து, இறுதி நாளில் மட்டும் உடுத்திச் சென்றதுபோல் இருந்தது அது. செல்லப் பெயர் இனிமையானதே. ஆனால் அது உண்மைப் பெயரை விழுங்கிவிட விடலாகாது.

வெட்டப்படும் பெயர்கள்

பெயர் பெரியவருக்குப் பொருந்துவது பெயரை மட்டும் பொறுத்ததன்று. அழைக்கும் நாவையும் பொறுத்தது. நம் கரிசல் நிலத்திலும் மலையடிவாரத்திலும் ஒரு கொடுமை நெடுங்காலம் நிலவியது. வெள்ளாடை உடுத்திய ஒருவரைச் சிறுவரும் 'சாமி' சேர்த்து அழைப்பர். வயலில் உழைக்கும் அறுபது வயதினரின் பெயரிலிருந்தோ அந்தச் 'சாமி'யை வெட்டி எறிந்து, 'டா' சேர்த்து விளிப்பர், அதுவும் அவர் பேரன் வயதுப் பிள்ளைகள். பெற்றோர் ஆசையோடு இட்ட முழுப்பெயர் எட்டு வயதிலும் அறுபது வயதிலும் அரைப்பெயராகவே நின்றுவிட்டது. பெயர் வளர்ந்தவருக்கு ஏற்றதாய்த்தான் இருந்தது. அவர் வளர்ந்துவிட்டார் என்பதைச் சமூகம்தான் ஏற்கவில்லை.

இன்னொரு சுமையும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளைச் சமயத்தோடு பிணைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இதனால் கோவிலில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வளர்ந்தோர் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. இரு பெயர்களுக்கிடையே ஒரு மனிதர் பிளவுண்டு நிற்பதன் வலியைப் பங்குச் சமூகம் உணர்ந்தால் போதும்.

இங்கேதான் புனித தேவசகாயம் நமக்கு வழிகாட்டுகிறார். நீலகண்டனாய்ப் பிறந்து வளர்ந்த அவர், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது லாசர் என்னும் பெயரை ஏற்றார். கடவுளின் உதவி என்னும் அதன் பொருளே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. பெரும்பாலோர் பெயருக்கேற்ப வளரவேண்டியவர்கள். அவரோ வளர்ந்தபின் பெயர் பெற்று, 1752-இல் காற்றாடிமலையில் தம் குருதியால் அதற்குப் பொருள் எழுதினார். 2012-இல் அருளாளராக உயர்த்தப்பட்ட வேளையில் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் பின்னர் நீக்கப்பட்டது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே ஒலித்தது. ஒருவர் பெரியவர் ஆவதற்குச் சாதிப்பெயரின் துணை வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

பெயரும் வளரும்

இவ்வளவும் சொன்னபின், பெற்றோர் அச்சங்கொள்ளவும் வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலுள்ள விருதுநகரில் 1903-இல் பிறந்த குழந்தைக்குக் குலதெய்வத்தின் நினைவாகக் காமாட்சி என்று பெயரிட்டனர். தாய் 'ராஜா' என்று கொஞ்சினார். பெண்தெய்வத்தின் பெயரும் அடுக்களைப் பெயரும் இணைந்து காமராஜ் ஆனது. அப்பெயரே பின்னாளில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு மறுபெயர் ஆயிற்று. வாசுதேவநல்லூரை அடுத்த நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் படையில் நின்ற ஒண்டிவீரனின் பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். தனித்து நின்று போரிட்ட வீரத்தை அப்பெயர் பேசுகிறது. பெயர் மனிதரைத் தாங்குகிறது. மனிதரும் பெயரைத் தூக்கி நிறுத்துகிறார். ஆயினும் பிள்ளையின் தோள்மீது முதலிலேயே ஒரு பாறாங்கல்லை ஏற்றிவைத்து, 'சுமந்து பெரியவனாகு' என்பது பெற்றோர்க்கு அழகன்று.

திருச்சபை இதில் கடுமை காட்டவில்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு கிறிஸ்தவப் பெயரையே இடச் செய்யுமாறும், பெற்றோர் இணங்காவிடில் புனிதர் ஒருவரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதுமாறும் பங்குத்தந்தையரைப் பணித்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 855-ஆவது சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயர் இடப்படாதிருக்கப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனம் கொள்ளுமாறு மட்டுமே கேட்கிறது. அன்பு, அருள், அமுதன், நிலா, கயல் ஆகிய தூய தமிழ்ப் பெயர்கள் எவ்விதத்திலும் அதற்கு முரணல்ல.

அரசின் சட்டமும் அவசரப்படுத்தவில்லை. பெயர் குறிப்பிடாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனைக் கட்டிலருகே நின்று பதற்றத்தோடு ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டிய தேவை இல்லை. 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் ஆகிவிட்டது. எனவே திருமுழுக்குப் பதிவேட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒரே பெயர், ஒரே எழுத்தமைப்பில் இருக்கட்டும். எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்துகளை ஒன்று கூட்டி ஒன்று குறைத்து எழுதப்பட்ட பெயர்கள், பிற்காலத்தில் கடவுச்சீட்டு அலுவலகத்தில் நம் பிள்ளைகளை அலைக்கழிப்பதை நாம் காண்கிறோம். உண்மையான எண்கணிதம் ஒன்றே: இக்குழந்தைக்கு நாற்பது வயதாகும்போது இப்பெயர் எப்படி ஒலிக்கும்?

திருமுழுக்குச் சடங்கில் குரு பெற்றோரிடம் கேட்கும் முதற் கேள்வி குழந்தையின் பெயரைப் பற்றியது. நீரும் எண்ணெயும் வெண்ணாடையும் ஒளியும் அதன் பிறகே வருகின்றன. ஆலய வாசலில் நின்று பெற்றோர் அன்று சொல்லும் அப்பெயரால்தான் அம்மனிதரைத் திருச்சபை ஆயுள் முழுவதும் அழைக்கப்போகிறது. ஆண்டவரும் அழைப்பார் என்பது நம் நம்பிக்கை.

யூதேய மலைநாட்டில் செக்கரியாவின் வீட்டிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. சுற்றத்தார் தந்தையின் பெயரை வேண்டினர், எலிசபெத்து மறுத்தார், உறவில் எவர்க்கும் இல்லாத பெயராயிற்றே என்று அவர்கள் வியந்தனர், பேச்சிழந்த தந்தை எழுதுபலகையில் யோவான் என்று எழுதினார். அப்பெயர் புதியது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆண்டவரின் அருளைச் சொல்லும் பெயர் ஆதலால் இடப்பட்டது. அதைக் கேட்ட மலைநாட்டு மக்கள் பெயர் இனிதாயிருக்கிறதா என்று பேசிக்கொள்ளவில்லை. இக்குழந்தை பின்னாளில் எத்தகையவராகுமோ என்றே உள்ளத்தில் எண்ணமிட்டனர். பெயர் சூட்டும் ஒவ்வொரு பெற்றோரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.